ஸ்ரீரங்கத்தின் 176: குடியரசுத் தலைவர் தேர்தலில் திருச்சி எப்படி வாக்களித்தது?

2025 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவை முடித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து ரங்கநாதரைச் சேவித்தார். நாட்டின் முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவர் அவர். அவரைத் தேர்ந்தெடுத்த 2022 தேர்தலில் ஸ்ரீரங்கம் தொகுதி, கட்சி நிலைப்படி, அவருக்கு எதிர் அணியில் நின்றது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 2012-ல், ஒரு பழங்குடித் தலைவரைக் குடியரசுத் தலைவராக்கியே தீரவேண்டும் என்று முதலில் குரல் கொடுத்த இருவரில் ஒருவர் அதே ஸ்ரீரங்கத்தின் எம்.எல்.ஏ. இந்த இரண்டு முடிவுகளையும் ஸ்ரீரங்கத்து வாக்காளர் எடுக்கவில்லை. இரண்டு முறையும் அவரை யாரும் கேட்கக்கூட இல்லை.

"குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், அது டெல்லியில் நடப்பது" என்பதுதான் பொதுவான எண்ணம். சம்பந்தம் உண்டு. சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீரங்கத்தில் ஒருவர் பொத்தானை அழுத்தும்போது, தெரு விளக்குக்கும் காவிரித் தண்ணீருக்கும் பேசப்போகும் பிரதிநிதியை மட்டும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. குடியரசுத் தலைவருக்கு வாக்களிக்கும் உரிமையையும் அந்த ஒருவர் கையில் ஒப்படைக்கிறார். அந்த உரிமை பிறகு எங்கே போகிறது, எப்படிப் பயன்படுகிறது, வருங்காலத்தில் அதன் எடை என்னவாகும் என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. அரசமைப்புச் சட்டத்தின் 54, 55-ஆவது பிரிவுகளின்படி குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு வகையினர்: நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், மாநிலச் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். டெல்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களும் இதில் சேர்த்தி. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை. ஒவ்வோர் எம்.எல்.ஏ.வின் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுத்தால் அந்த மதிப்பு கிடைக்கும். மக்கள்தொகை என்பது 1971-ஆம் ஆண்டுக் கணக்கு. அப்போது தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர். 234 இடங்கள். ஆகவே தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208. நாட்டிலேயே அதுதான் அதிகம். அடுத்த இடத்தில் தமிழ்நாடும் ஜார்க்கண்டும் 176-உடன் சமமாக நிற்கின்றன. மகாராஷ்டிரத்துக்கு 175, பீகாருக்கு 173, கேரளத்துக்கு 152, சிக்கிமுக்கு வெறும் 7.

எல்லா எம்.எல்.ஏ.க்களின் மதிப்பையும் கூட்டி, எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி.யின் மதிப்பு வரும். நெடுங்காலம் அது 708. 2022-ல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாததால் 700 ஆகக் குறைந்தது. ஆக அந்தத் தேர்தலில் திருச்சி மாவட்டத்தின் ஒன்பது எம்.எல்.ஏ.க்களின் கூட்டு மதிப்பு 1,584, திருச்சி எம்.பி.யையும் சேர்த்தால் 2,284. நாட்டின் மொத்தம் 10,86,431. சிறிய எண்தான். ஆனால் சிக்கிம் சட்டமன்றம் முழுவதற்கும் சேர்த்தே 224 தான் என்பதை நினைத்துப் பார்த்தால், மணப்பாறை முதல் துறையூர் வரை நீளும் இந்த மாவட்டத்தின் கனம் புரியும்.

இந்தக் கனம் கடைசி மூன்று தேர்தல்களில் எந்தப் பக்கம் சாய்ந்தது? வாக்குச்சீட்டு ரகசியமானது, தனித்தனி எம்.எல்.ஏ. யாருக்குப் போட்டார் என்று யாரும் சான்று காட்ட முடியாது. கட்சிகள் அறிவித்த நிலையை வைத்துத்தான் பேச முடியும்.

2012-ல் பிரணாப் முகர்ஜியும் பி.ஏ. சங்மாவும் மோதினார்கள். முந்தைய ஆண்டு நடந்த சட்டமன்றத் தேர்தலில் திருச்சி மாவட்டத்தின் ஒன்பதில் ஏழு இடங்கள் அ.தி.மு.க.வுக்கு. லால்குடி தி.மு.க.வுக்கு. திருவெறும்பூர் தே.மு.தி.க.வுக்கு. அ.தி.மு.க. சங்மா பக்கம், தி.மு.க. பிரணாப் பக்கம், தே.மு.தி.க. தேர்தலையே புறக்கணித்தது. ஆக சங்மாவுக்கு 1,232, பிரணாப்புக்கு 176, எங்கும் சேராமல் போனது 176.

2017-ல் ராம்நாத் கோவிந்தும் மீரா குமாரும். மாவட்டத்தில் அ.தி.மு.க. ஐந்து, தி.மு.க. நான்கு. ஜெயலலிதா மறைவுக்குப் பின் அ.தி.மு.க. பல அணிகளாகச் சிதறிக் கிடந்த நேரம் அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்த அந்த அணிகள் எல்லாம் கோவிந்தை ஆதரிப்பதில் மட்டும் ஒன்றாக நின்றன. எனவே ஸ்ரீரங்கம், திருச்சி கிழக்கு, மணப்பாறை, மண்ணச்சநல்லூர், முசிறி ஆகிய ஐந்தும் கோவிந்துக்கு: 880. திருச்சி மேற்கு, திருவெறும்பூர், லால்குடி, துறையூர் ஆகிய நான்கும் மீரா குமாருக்கு: 704.

2022-ல் முர்முவும் யஷ்வந்த் சின்ஹாவும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணி மாவட்டத்தின் ஒன்பது இடங்களையும் அள்ளியிருந்தது. ஒன்பதும் சின்ஹா பக்கம்.

பத்தே ஆண்டுகளில் ஏழுக்கு ஒன்று, ஐந்துக்கு நான்கு, பூஜ்யத்துக்கு ஒன்பது. இவ்வளவு பெரிய ஊசலாட்டம் திருச்சி மக்களின் மனத்தில் நடந்ததா? இல்லை. 2011-ல் அவர்கள் தி.மு.க. ஆட்சிக்கு எதிராக வாக்களித்தார்கள், 2021-ல் அ.தி.மு.க. ஆட்சிக்கு எதிராக வாக்களித்தார்கள். மின்வெட்டும் விலைவாசியும் உள்ளூர்ப் பிரச்சினைகளும் தீர்மானித்த அந்த முடிவுகள், யாரும் நினைத்தே பார்க்காத இன்னொரு தேர்தலில் போய் விழுந்தன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிக வாக்கு வாங்கியவரே தொகுதியை வெல்வார் என்ற நம் முறை, மக்களின் விருப்பத்தை ஊதிப் பெருக்கித்தான் இந்தத் தேர்தலுக்கு அனுப்புகிறது. 2016-ல் அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. அணிக்கும் மாநில அளவில் வாக்கு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம். ஆனால் அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டிலிருந்து கோவிந்துக்கு 134 எம்.எல்.ஏ.க்கள், மீரா குமாருக்கு 98 பேர். மதிப்பில் சொன்னால் 23,584-க்கு 17,248. 2021-ல் தி.மு.க. அணிக்குச் சுமார் 45 சதவீத வாக்கு, அ.தி.மு.க. அணிக்குச் சுமார் 40. ஆனால் 2022-ல் சின்ஹாவுக்கு 158 எம்.எல்.ஏ.க்கள், முர்முவுக்கு 75 பேர். ஒரு வாக்கு செல்லாது. ஆறு சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கிய நாம் தமிழர் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்காததால், அந்த லட்சக்கணக்கான வாக்காளர்களின் விருப்பம் இந்தக் கணக்குக்குள் நுழையவே இல்லை.

இனி ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கம் சட்டமன்றத் தொகுதி என்றால் ஏழு பிரகாரங்களும் சித்திரை வீதியும் மட்டுமல்ல. காவிரிக்குத் தெற்கே அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றியக் கிராமங்களும் சேர்ந்தது. வாக்காளர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம். 2011-ல் ஜெயலலிதா இங்கே 1,05,328 வாக்குகள் பெற்று, தி.மு.க.வின் ஆனந்தை 41,848 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதனால் 2012 மே மாதம் அவரும் ஒடிசா முதலமைச்சர் நவீன் பட்நாயக்கும் சங்மாவை ஆதரிப்பதாக அறிவித்தபோது, அந்தக் குரல் தமிழ்நாட்டு முதலமைச்சரின் குரலாக இருந்ததைப் போலவே ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ.வின் குரலாகவும் இருந்தது. அப்போது காங்கிரஸ் தன் வேட்பாளரை அறிவித்திருக்கவில்லை. பா.ஜ.க.வும் முடிவெடுத்திருக்கவில்லை. சங்மா தன் சொந்தக் கட்சியான தேசியவாத காங்கிரசையே விட்டு விலகிப் போட்டியிட்டார், பிறகுதான் பா.ஜ.க. அவர் பின்னால் வந்து நின்றது.

முடிவு எல்லோரும் எதிர்பார்த்ததுதான்: பிரணாப் 7,13,763, சங்மா 3,15,987. ஆனாலும் அந்தத் தேர்தலை வெறும் தோல்வி என்று நான் ஒதுக்கிவிட மாட்டேன். 1992-ல் சங்கர் தயாள் சர்மாவை எதிர்த்து நின்ற ஜி.ஜி. ஸ்வெல்லும் மேகாலயத்துப் பழங்குடித் தலைவர், சங்மாவும் மேகாலயத்தவர். இருவரும் தோற்றார்கள். மூன்றாவதாக வந்த முர்மு வென்றார். 2012-ல் எழுந்த கேள்வி 2022-ல் வாசலைத் திறந்தது என்று சொல்வது மிகையாகாது. அந்தக் கேள்வியை எழுப்பியதில் ஸ்ரீரங்கத்தின் பிரதிநிதிக்கு நேரடிப் பங்கு உண்டு. அரசியலில் ஜெயலலிதாவை ஏற்காதவர்களும் இதை மறுக்க இயலாது.

தி.மு.க.வின் நிலை இங்கே சிந்திக்க வைக்கிறது. சமூகநீதி பேசும் கட்சி, 2012-லும் 2022-லும் பழங்குடி வேட்பாளருக்கு எதிர்ப்பக்கம் நின்றது. காரணம் வேட்பாளர் மீதான வெறுப்பு இல்லை; கூட்டணி. முதல் தடவை மத்தியில் காங்கிரசோடு ஆட்சியில் இருந்தது. இரண்டாம் தடவை பா.ஜ.க. எதிர்ப்பு அணியின் முக்கியத் தூணாக இருந்தது. அ.தி.மு.க. இரண்டு தடவையும் பழங்குடி வேட்பாளருக்கு வாக்களித்ததற்கும் ஏறக்குறைய இதே வகைக் காரணம்தான். 2017-ல் இரண்டு பெரிய வேட்பாளர்களும் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அப்போது இந்தப் பிரச்சினை எழவே இல்லை. தமிழ்நாட்டு வாக்குகள் அணி பிரிந்தபடியே பிரிந்தன. வேட்பாளர் யார் என்பதைவிட அவரை நிறுத்தியது யார் என்பதே இங்கே கணக்கு.

மொழியும் மண்ணும்கூட இந்தக் கணக்கை மாற்றியதில்லை. திருச்சிக் கல்லூரிகளில் படித்த இருவர் குடியரசுத் தலைவர் ஆனார்கள். ஆர். வெங்கட்ராமன் தேசியக் கல்லூரி மாணவர். அப்துல் கலாம் செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954-ல் பட்டம் பெற்றவர். வெங்கட்ராமன் 1987-ல் 7,40,148 மதிப்பு வாக்குகளோடு வென்றபோது எதிரே நின்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கலாமை 2002-ல் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் சேர்ந்து ஆதரித்தன. அவருக்கு 9,22,884, எதிர்த்து நின்ற லட்சுமி சேகலுக்கு 1,07,366. லட்சுமி சேகலும் சென்னையில் பிறந்தவர்தான். தமிழ்நாட்டில் அது ஒரு திருவிழா போலக் கொண்டாடப்பட்டது. ஆனால் அந்த ஒற்றுமை தமிழுக்காக வந்ததா? 1997-ல் தமிழ்நாட்டில் ஆட்சிப்பணி செய்த, நாடு முழுக்கப் பேர் பெற்ற டி.என். சேஷன் போட்டியிட்டார். அவருக்குக் கிடைத்தது 50,631, டெபாசிட் போயிற்று. வென்ற கே.ஆர். நாராயணனுக்கு 9,56,290. 2012-ல் கலாமை மறுபடியும் நிறுத்தலாம் என்ற பேச்சு எழுந்தபோது அதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே போதிய ஆதரவு சேரவில்லை, அவர் விலகிக்கொண்டார். 2025 செப்டம்பரில் துணைக் குடியரசுத் தலைவர் தேர்தல். அதில் எம்.பி.க்களுக்கு மட்டுமே வாக்கு. திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் 452 வாக்குகள் பெற்று, 300 வாக்குகள் பெற்ற பி. சுதர்சன் ரெட்டியை வென்றார். தமிழர் என்பதற்காகத் தி.மு.க. அணி தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. கட்சி அரசியலில் இது நேர்மையான நிலைதான் என்றே நினைக்கிறேன். "நம்ம ஆள்" என்று மேடையில் பேசப்படும் பேச்சுக்கும் வாக்குப்பெட்டிக்கும் இடையே உள்ள தூரத்தையும் அது காட்டுகிறது.

தமிழ்நாட்டின் வாக்கு ஒரு குடியரசுத் தலைவரையே தீர்மானித்த தேர்தல் ஒன்று உண்டு. 1969. ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. காமராஜர், நிஜலிங்கப்பா உள்ளிட்ட மூத்த தலைவர்களின் தேர்வு. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி சுயேச்சையாக நின்றார். பிரதமர் இந்திரா காந்தி, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று தன் கட்சியினரைக் கேட்டுக்கொண்டார். அது கிரிக்கு வாக்களியுங்கள் என்பதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். சி.டி. தேஷ்முக் மூன்றாவது வேட்பாளர்.

ஆகஸ்ட் 16-ல் வாக்குப்பதிவு, 20-ல் எண்ணிக்கை. முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவையான பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லை. பின்தங்கியவர்களை நீக்கி, அவர்களின் சீட்டுகளில் இருந்த இரண்டாம் விருப்பங்களை எண்ணினார்கள். கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650.

இப்போது தமிழ்நாட்டைப் பாருங்கள். 1967-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க.வுக்குச் சட்டமன்றத்தில் 130-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 1961 மக்கள்தொகைக் கணக்குப்படி அப்போது ஒரு எம்.எல்.ஏ.வின் மதிப்பு 144. 130 பேர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 18,720. மக்களவையின் 25 தி.மு.க. எம்.பி.க்களை இதில் சேர்க்கவே இல்லை. முதல்வர் கருணாநிதியின் தலைமையில் தி.மு.க. கிரியை ஆதரித்தது. அந்த எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்காமல் வீட்டில் இருந்திருந்தால்கூட கிரி தோற்றிருப்பார். அன்றைய திருச்சி எம்.பி. மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ஆனந்த நம்பியார், அவர் கட்சியும் கிரியின் பக்கமே. காமராஜர் தேர்ந்தெடுத்த வேட்பாளரைக் காமராஜரின் சொந்த மாநிலமே கவிழ்த்தது. மூன்று மாதத்தில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. தமிழ்நாட்டில் அந்தக் கட்சி பிறகு ஒருபோதும் தனித்து எழவில்லை.

இந்தியாவில் இரண்டாம் விருப்ப வாக்கு முடிவைத் தீர்மானித்தது அந்த ஒரு முறைதான். பக்கத்து இலங்கையில் குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே 2024-ல் முதன்முறையாக இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டது. முதல் சுற்றில் 42.31 சதவீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க, அதன் பிறகே வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டார். தமிழர்களின் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்கு 2,26,343 பேர் வாக்களித்தார்கள். அவர்கள் வெல்லப்போவதில்லை என்று தெரிந்தே வாக்களித்தவர்கள். தங்கள் இருப்பை எண்ணிக்கையாகப் பதிவு செய்தவர்கள். நேரடித் தேர்தலில் சிறுபான்மையினருக்கு அந்த ஒரு வழியாவது இருக்கிறது. நம் முறையில் அதற்கு இடமில்லை. இந்தியாவிலும் நேரடித் தேர்தல் வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவர் கே.டி. ஷா. சபை ஏற்கவில்லை. 1952-ல் ராஜேந்திர பிரசாத்தை எதிர்த்து அவரே போட்டியிட்டு, 92,827 மதிப்பு வாக்குகள் வாங்கித் தோற்றார். நாடாளுமன்ற ஆட்சிமுறை உள்ள நாட்டில் நேரடித் தேர்தல் பிரதமருக்குப் போட்டியாக இன்னொரு அதிகார மையத்தை உண்டாக்கும் என்ற அன்றைய அச்சம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். முறையை மாற்றச் சொல்லவில்லை. இருக்கும் முறையில் நம் பிரதிநிதி நமக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறேன்.

ஏனென்றால் சட்டம் அவருக்கு முழுச் சுதந்திரம் தந்திருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. கட்சித் தாவல் தடைச் சட்டமும் இதற்குப் பொருந்தாது என்று தேர்தல் ஆணையமே தெளிவுபடுத்தியிருக்கிறது. சென்னைக் கோட்டையில் எம்.எல்.ஏ.வின் கையில் தரப்படும் இளஞ்சிவப்புச் சீட்டில், ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால் அவர் எண்ணைக் குறித்து, மடித்துப் போடுகிறார். பெட்டி விமானத்தில் தனி இருக்கையில் டெல்லிக்குப் போகிறது. உள்ளே என்ன எழுதினார் என்று எந்தத் தலைவருக்கும் தெரியாது.

இத்தனை பாதுகாப்பு இருந்தும் தமிழ்நாட்டில் நடப்பது என்ன? 2022-ல் முர்முவுக்குக் கிடைத்த 75 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: அ.தி.மு.க. 66, பா.ம.க. 5, பா.ஜ.க. 4. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிர்ப்பக்கம் 159 பேர். அதில் 158 வாக்கு சின்ஹாவுக்கு. அந்தச் செல்லாத வாக்கு யாருடையதோ. பக்கத்துக் கேரளத்தில் பா.ஜ.க.வுக்கு ஓர் எம்.எல்.ஏ.கூட இல்லை, இருந்தும் அங்கிருந்து முர்முவுக்கு ஒரு வாக்கு விழுந்தது. வடமாநிலங்கள் பலவற்றில் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் அணி மாறி வாக்களித்ததாகச் செய்திகள் வந்தன. தமிழ்நாட்டிலோ ரகசிய வாக்கெடுப்பு, கையைத் தூக்கி எண்ணியதைப் போலவே இருந்தது. இதைக் கட்டுப்பாடு என்று பெருமையாகச் சொல்லலாம். பணத்துக்கு விலைபோகாத கட்டுப்பாடு என்றால் நல்லதுதான். ஆனால் 234 பேரில் ஒருவருக்குக்கூடத் தன் தலைமையிலிருந்து வேறுபட்ட எண்ணம் வரவில்லையா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. பழங்குடி மக்கள் வாழும் மலைத் தொகுதிகளின் உறுப்பினர்கள் என்ன நினைத்தார்கள்? பச்சைமலைப் பழங்குடியினர் வாழும் துறையூர்த் தொகுதியில் அது குறித்து ஒரு கூட்டமாவது நடந்திருக்கலாமே?

நாடு முழுக்கப் பார்த்தாலும் போட்டி சமனாக இல்லை. 2007 முதல் நடந்த நான்கு தேர்தல்களிலும் தோற்றவர் வாங்கியது 30 முதல் 36 சதவீதத்துக்குள். வேட்புமனுவை முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர் வேண்டும் என்ற விதி, கட்சி ஆதரவு இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. முடிவு தெரிந்த தேர்தல் என்பதால் மக்களும் கவனிப்பதில்லை, பத்திரிகைகளும் இரண்டு நாள் எழுதிவிட்டு விட்டுவிடுகின்றன.

கவனிக்காமல் இருக்கும்போதே மாறப்போவது அந்த 176. இதுதான் எனக்குப் பெரிய கவலை. 1971 கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது 1976-ல் 42-ஆவது திருத்தம் கொண்டுவந்த ஏற்பாடு. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் அதற்காக அதிகாரத்தை இழக்கக்கூடாது என்பது காரணம். 2001-ல் 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வெளியாகும் வரை அதை நீட்டித்தது. தொகுதி மறுவரையறையில் எத்தனை எம்.பி. குறையும் என்று பேசும் நாம், குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு எம்.எல்.ஏ.வின் எடை என்னவாகும் என்று பேசுவதே இல்லை.

கையில் இருக்கும் 2011 கணக்கை வைத்துப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் 7,21,47,030 பேர்; எம்.எல்.ஏ.வின் மதிப்பு 308 ஆகிறது. உயர்வுபோலத் தோன்றும். பீகாரின் 173 என்னவாகிறது? 428. ராஜஸ்தானின் 129? 343. உத்தரப் பிரதேசத்தின் 208, 496 ஆகிறது. இன்று பீகாரைவிட மூன்று புள்ளி மேலே இருக்கும் ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ., அன்று 120 புள்ளி கீழே இருப்பார். இன்று தனக்கு வெகு கீழே இருக்கும் ராஜஸ்தான் எம்.எல்.ஏ. அவரைத் தாண்டிப் போவார். கேரளத்துக்கு இன்னும் மோசம்: 152 வெறும் 239 ஆகும். இடங்களின் எண்ணிக்கையும் சேர்ந்து மாறினால் தனி எண்கள் வேறாகலாம். மாநிலங்களுக்கு இடையிலான விகிதம் மக்கள்தொகைப்படியேதான் போகும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக்கு இன்றைய மதிப்பை வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் 1,752 பேருக்கு ஒரு மதிப்பு வாக்கு; பீகாரில் 2,476 பேருக்கு ஒன்று; ராஜஸ்தானில் 2,657 பேருக்கு ஒன்று. பாட்னாவில் இருப்பவர், "என் வாக்கு ஏன் திருச்சிக்காரர் வாக்கைவிடக் குறைவு?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு நம் பதிலும் நியாயமானதே. ஆரம்ப சுகாதார நிலையங்களும் பெண் கல்வியும் கொண்டு மக்கள்தொகையைக் கட்டுக்குள் வைத்த மாநிலத்துக்கு, நாடே கொடுத்த வாக்குறுதி அது. குடியரசுத் தலைவர் மக்களின் தலைவர் மட்டுமல்லர். மாநிலங்கள் சேர்ந்த ஒன்றியத்தின் தலைவர். ஆளுநர் தன் முடிவுக்கு அனுப்பிவைக்கும் மாநில மசோதாக்களுக்கு ஒப்புதல் தருவதும், 356-ஆவது பிரிவில் மாநில ஆட்சியைக் கலைக்கும் ஆணையில் கையெழுத்திடுவதும் அவர்தான். 1976-லும் 1991-லும் தமிழ்நாட்டு ஆட்சிகள் கலைக்கப்பட்டது அப்படித்தான். 1991-ல் கையெழுத்திட்டவர் திருச்சியில் படித்த வெங்கட்ராமன். அந்த நாற்காலியில் அமர்பவரைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலங்களின் குரலுக்குக் குறைந்தபட்ச எடை ஒன்று வேண்டும் என்பதே என் நிலை. மறுவரையறைப் பேச்சுகளில் 55-ஆவது பிரிவையும் தமிழ்நாடு கையில் எடுக்க வேண்டும்.

முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிகிறது. அந்தத் தேர்தலில் திருச்சியின் ஒன்பது எம்.எல்.ஏ.க்கள் மறுபடியும் சென்னைக்குப் போவார்கள். யாருக்கு வாக்களிக்கிறோம், ஏன் என்று அதற்கு முன்பே தொகுதியில் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அப்படிச் சொன்னவர் தமிழ்நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

2017-ன் 98 என்ற எண்ணுக்கு வருவோம். அன்று தி.மு.க.வுக்கு 89 உறுப்பினர்கள். உடல்நலம் குன்றியிருந்த கருணாநிதி வாக்களிக்க வரவில்லை, மீதி 88. காங்கிரஸ் 8. முஸ்லிம் லீக் 1. கூட்டினால் 97. கூடுதலாக விழுந்த அந்த ஒரு வாக்கு மனிதநேய ஜனநாயகக் கட்சியின் தமிமுன் அன்சாரியுடையதாகத்தான் இருக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றவர் அவர். அ.தி.மு.க.வின் எல்லா அணிகளும் கோவிந்துக்கு என்று முடிவான பிறகு, தான் மீரா குமாருக்கே வாக்களிப்பேன் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டுப் போய் வாக்களித்தார். அதற்காக அவர் பதவி பறிபோகவில்லை. 2021 வரை முழுக் காலமும் எம்.எல்.ஏ.வாக இருந்தார்.